ஒற்றைச் சாவி

சாகியூசா மன்னிப்புக் கேட்க வருகிறான் என்று சொல்லி அனுப்பியதிலிருந்து விலிமைனாவுக்கு மரவள்ளிக்கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை.

சாகியூசா அவள் கணவன் இனோகேயின் சித்தப்பா மகன். அண்ணி, அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். அந்த வாயைக் கிழிக்க வேண்டும் என்று தன் அப்பா இறந்த நாளிலிருந்து அவள் கறுவிக்கொண்டிருந்தாள். நாளைக்குத் துக்கம் கழிக்கும் விருந்து. கறுப்புத் துணியைக் களைந்துவிடலாம். அதற்கு முன்னால், இன்று சாயங்காலம், அவன் பக்கத்துப் பெரியவர்கள் தம்புவாவோடு வந்து பாயில் உட்காரப்போகிறார்கள்.

தம்புவா என்றால் பழுப்பேறிய திமிங்கலப் பல். அவர்கள் பெரியவரான நெமானி மாமா அதை இரண்டு கையிலும் ஏந்திப் பேசுவார். இவள் பக்கத்துப் பெரியவரான மனாசா சித்தப்பா கை நீட்டி வாங்கிக்கொள்வார். வாங்கிவிட்டால் தீர்ந்தது. பிறகு அந்த விஷயத்தை எடுத்துப் பேச ஒருவருக்கும் உரிமை இல்லை. வாங்க மறுத்த பெரியவரை அந்த ஆற்றங்கரையில் யாரும் பார்த்ததில்லை.

"அவன் பேசவே மாட்டான், தெரியுமா?" என்றாள் விலிமைனா, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் அசேனதாவிடம். "தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பின்னால உக்காந்திருப்பான். கெழவர் பேசுவார். எங்கப்பா செத்ததுக்கு அவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராது."

"முறை அப்படித்தானேம்மா?"

"முறையாம் முறை! அந்தப் பல்லு சித்தப்பா கைக்குப் போறதுக்குள்ள அவன் என் முன்னால தனியா வந்து நிக்கணும். என்ன பண்ணினேன்னு அவன் வாயால சொல்லணும். அதுக்கு முன்னாடி முடிஞ்சுபோச்சுன்னா, நான் சாகிற வரைக்கும் வெந்துக்கிட்டுத்தான் இருக்கணும்."

அசேனதா பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தாத்தா போனதிலிருந்து அம்மாவிடம் பதில் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

நடந்தது ஊருக்கே தெரியும். விலிமைனாவின் அப்பா எபேலி தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போயிருந்தது, சிறுநீரகமும் கைவிட்டிருந்தது. சூவா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். தவறினால் ஆபத்து. அதற்காகவே விலிமைனா ஒரு வண்டி தேடினாள். தையல் ஆலையில் நாளெல்லாம் நின்று வீங்கிய காலோடு, ஜப்பானிலிருந்து கப்பலில் வந்திறங்கும் பழைய வண்டிகளை விற்கிற இடம் ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள்.

கடைசியில் அகப்பட்டது அந்தச் சாம்பல் நீல வண்டி. பெரிய வண்டியும் இல்லை, பொடி வண்டியும் இல்லை. ஐந்து பேர் இடிபடாமல் உட்காரலாம். பின்னால் டிக்கி என்று தனியாகத் துருத்திக்கொண்டிருக்காது. கூரையிலிருந்தே சரிந்து இறங்கும் கதவு, விரலால் தூக்கினால் தலைக்கு மேலே போய் நிற்கும், மழை பெய்தால் அதற்கடியில் ஒதுங்கிக்கொள்ளலாம். பின் சீட்டை மடக்கினால் தரையோடு தரையாகப் படுத்துவிடும். சக்கர நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த முன் சீட்டு. ஒரு பிடியை இழுத்தால், உட்கார்ந்திருக்கும் ஆளோடு சேர்த்து அது கதவுப் பக்கம் திரும்பி வெளியே வரும். நடக்க முடியாதவர்களுக்காகவே அந்தத் தேசத்துக்காரன் யோசித்துச் செய்தது. முதல் நாள் அப்பா அதில் உட்கார்ந்து உள்ளே வெளியே என்று திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "நம்ம பாதிரியாருக்குக்கூட இப்படி ஒரு நாற்காலி கெடையாதுடி!" என்று பொக்கை வாயால் சிரித்தார்.

வண்டிக்குள் ஒரு ஜப்பான்காரியும் இருந்தாள். கிளப்பும்போது ஒரு பேச்சு, அணைக்கும்போது ஒரு பேச்சு, நடுவில் தோன்றியபோதெல்லாம் ஒரு பேச்சு. யாருக்கும் ஒரு எழுத்துப் புரியாது. தாத்தா மட்டும் பணிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

சாவியைத் திருகுகிற வேலையும் இல்லை. சாவி வண்டிக்குள் இருந்தால் போதும், பொத்தானை அமுக்கினால் கிளம்பும். சாவி இல்லாவிட்டால் குட்டிக்கரணம் போட்டாலும் கிளம்பாது. ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி வெளியே போய்விட்டால் ஜப்பான்காரி கூச்சல் போடுவாள், வண்டி தன்பாட்டுக்குப் போகும்; ஆனால் ஒரு தரம் அணைத்துவிட்டால் அவ்வளவுதான். சாவியில் பூட்டை அமுக்கினால் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் பூனைக் காதுபோல மடிந்துகொள்ளும். விற்ற இடத்திலிருந்து வண்டியை ஓட்டி வந்த இனோகே, "ஒரே சாவிதான் வந்துச்சாம், பத்திரம்" என்று சொல்லித்தான் அவள் கையில் கொடுத்தான். சிவப்புக் குஞ்சம் வைத்து ஒரு பை தைத்து, அதற்குள் சாவியைப் போட்டுக் கியர் பக்கத்துக் குழியில் வைப்பது அவள் வழக்கம்.

அந்த வண்டியைத்தான் சாகியூசா கேட்டு வந்தான். வாசலில் உட்கார்ந்து, "அண்ணி, கேரேகேரே" என்றான். சொந்தக்காரன் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டுவிட்டால் பாயானாலும் பன்றியானாலும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். இல்லை என்று சொன்னவள் ஊரில் தலை காட்ட முடியாது. துக்க வீட்டுக்குப் போக ஒரே ஒரு நாள் என்றான். செவ்வாய்க்கிழமை எடுத்துப் போனான்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு முறை. வண்டி வரவில்லை. சாகியூசா போனை எடுக்கவில்லை. துறைமுகத்தில் காவல் வேலை பார்க்கும் இனோகேக்கு இரண்டு நாள் தொடர் வேலை, அவன் போன் அணைந்து கிடந்தது. கொட்டுகிற மழையில் எந்த டாக்ஸியும் அந்த மேட்டுக்கு ஏற மாட்டேன் என்றது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் சரக்கு வண்டியில், தார்ப்பாயின் அடியில் அப்பாவைக் கிடத்திக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மத்தியானம் வண்டி வந்தது. வழியில் கெட்டுப்போய்விட்டதாம். அதை அவளால் நம்ப முடியவில்லை, ஏனென்றால் வண்டியைக் கழுவும்போது பார்த்தாள். பின் சீட்டு இடுக்கில் குழந்தை நாற்காலியை மாட்டுகிற கொக்கிகள் இருக்கும். அவற்றின் சின்ன மூடிகள் இரண்டையும் காணோம். அவள் வீட்டில் குழந்தை கிடையாது. கெட்டுப்போன வண்டிக்கு எவன் குழந்தை நாற்காலி மாட்டுவான்? வாடகைக்கு ஆள் ஏற்றியிருக்கிறான், படுபாவி!

இத்தனைக்கும் அப்புறம், இன்று காலை என்ன நடந்தது என்று கேளுங்கள்.

*

காலையில் இனோகே தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். இஸ்திரி போட்ட, பை வைத்துத் தைத்த சூலு வேட்டியும் பூப்போட்ட சட்டையும் உடுத்தியிருந்தான். அவனுக்குப் பின்னால், படிக்குக் கீழே, தரையைப் பார்த்துக்கொண்டு சாகியூசா.

"வந்து... விலி. நெமானி மாமாவும் மத்தவங்களும் நௌசோரி சந்தையில பஸ் இறங்குறாங்க. பாய் எல்லாம் இருக்கு, யங்கோனா வேர்க்கட்டு இருக்கு. இந்த மேட்டுல அவ்வளத்தையும் தூக்கிக்கிட்டு..."

"அதனால?"

"வண்டி இருந்தா நல்லாருக்கும்."

விலிமைனாவின் கையில் இருந்த துடைப்பம் நின்றது.

"எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வர்றதுக்கு," என்றாள் நிதானமாக, "என் வண்டியே வேணுமா?"

"நான் வேணான்னுதான் சொன்னேன் அண்ணி," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "அண்ணன்தான்..."

"நீ வாய மூடு. எங்கப்பா நெஞ்சு முட்டிக் கெடந்தப்ப மூடிக்கிட்டுத்தானே இருந்த? இப்பவும் மூடு."

"கேரேகேரே, விலி," என்றான் இனோகே. "பெரியவங்க வெயில்ல நிப்பாங்க."

கேட்டாயிற்று. அந்த வார்த்தையைச் சொல்லியாயிற்று. அடுப்பங்கரை வாசலில் நின்ற அசேனதா, அம்மா துடைப்பத்தாலேயே விளாசப்போகிறாள் என்று நினைத்தாள். ஆனால் விலிமைனா சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதைப் பார்த்ததும் மகள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"அதுக்கென்ன? எடுத்துக்கிட்டுப் போங்க. கொஞ்சம் இருங்க, நானே கிளப்பி, குளுகுளுன்னு வச்சுத் தரேன்."

உள்ளே போனாள். குஞ்சம் வைத்த பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் மேல்சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அலமாரியில் அப்பாவின் மாத்திரைகள் இன்னும் இருந்தன. அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கொடுக்கச் சொல்லி எடுத்து வைத்தவை. அந்தப் பட்டையை மடித்துப் பைக்குள் திணித்து, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். கனம் கொஞ்சம் குறைவுதான். யார் தூக்கிப் பார்க்கப்போகிறார்கள்?

வண்டியில் ஏறிப் பொத்தானை அமுக்கினாள். ஜப்பான்காரி காலை வணக்கம் மாதிரி ஏதோ சொன்னாள். பேட்டரியில் ஓடும்போது அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது; குளிர் காற்று வரும் சீறல் மட்டும் கேட்டது. பையை அதன் குழியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

"உக்காரு சாகியூசா. உன் வண்டி மாதிரி நெனச்சுக்க. நெனச்சுப் பழகினதுதானே?"

அவன் முகம் சுருங்கியது. ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்தான்.

இனோகே முன் சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தான். அப்பாவின் சீட்டில். துக்கம் கழியும் வரை அதில் ஒருவரும் உட்காரக் கூடாது என்று அவள் சொல்லி வைத்திருந்தாள்; வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாய் வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். இன்றைக்கு ஒரு ஆளோடு தீர்த்தால் போதும் என்றிருந்தாள்.

வண்டி சரிவில் இறங்கியது. வாசல் வேலியைத் தாண்டியதும் உள்ளே ஜப்பான்காரி அலறத் தொடங்கியது இங்கே வரை கேட்டது. சாகியூசா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

விலிமைனா மேல்சட்டைக்குள் கையை விட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

*

அசேனதாவின் தோழி ஒருத்தி சந்தை வாசலில் ரொட்டி விற்கிறாள். மத்தியானத்துக்கு முன்னாலேயே அவளிடமிருந்து படங்கள் வரத் தொடங்கிவிட்டன.

முதல் படத்தில், டாக்ஸி ஸ்டாண்டுக்கு நட்டநடுவே சாம்பல் நீல வண்டி நிற்கிறது. இரண்டாவதில், பின்கதவை மேலே தூக்கி வைத்து, அதன் நிழலில் நெமானி மாமா பாய்க் கட்டுமேல் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவதில் டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"அம்மா! வண்டி கிளம்பலியாம்! டாக்ஸிக்காரங்க வர மாட்டேங்கிறாங்களாம். 'நீயே பெரிய டாக்ஸிக்காரன் ஆச்சே, எங்க சவாரிய எல்லாம் தூக்கிட்டுப் போனவன்தானே, இப்ப தள்ளிக்கிட்டுப் போ'ன்னு கேலி பண்றாங்களாம்."

"ம்."

"அம்மா... சாவி?"

விலிமைனா விருந்துக்குப் போட்ட கொட்டகையில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. இனோகே. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பிறகு சாகியூசாவின் எண். அவள் போனை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்து, அது துடிப்பதை நின்று பார்த்தாள்.

"எடும்மா!"

"அன்னிக்கு நான் கூப்பிட்டப்ப அவன் போன் இப்படித்தானே துடிச்சிருக்கும்? அவனும் இப்படித்தானே பாத்துக்கிட்டு இருந்திருப்பான்? இருக்கட்டும்."

"பெரியவங்கம்மா. வெயில்மா."

"சந்தையில கூரை இருக்கு, எளநீ இருக்கு. உன் தாத்தாவுக்குத் தார்ப்பாய்தான் இருந்துச்சு."

அசேனதா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அதில் சந்தோஷம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை நாளில் முதல் தடவையாக விலிமைனா ஒரு துண்டு கிழங்கைத் தேங்காய்ப்பாலில் தோய்த்து ருசித்துத் தின்றாள்.

*

சாகியூசா நடந்தே வந்தான். தனியாக வந்தான். அவள் நினைத்தது நினைத்தபடி.

நல்ல செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தான். இஸ்திரி மடிப்பெல்லாம் வியர்வையில் ஊறிப்போயிருந்தது. மறு கையில் சிவப்புக் குஞ்சப் பை.

படிக்குக் கீழேயே மண்டி போட்டுப் பையை அவள் காலடியில் வைத்தான்.

"எபேலி மாமாவோட மாத்திரை," என்றான்.

"ஆமா. உனக்குத்தான் வச்சேன். வண்டி கத்தலியா உங்கிட்ட?"

"கத்துச்சு அண்ணி. அவ எப்பவும் பேசறவதானேன்னு விட்டுட்டேன். 'இன்னிக்கு இவளுக்கும் ஏதோ சொல்லணுமாம்'னு அண்ணன்கூட சிரிச்சாரு."

"பையத் தொறந்து பாத்தப்ப அண்ணன் என்ன சொன்னாரு?"

"அவருக்குக் காட்டல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் காட்டுவேன்? சாவி எங்கயோ விழுந்துடுச்சு, வீட்டுல பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு ஏறி வந்தேன்."

"நல்லது. இங்க தம்புவாவும் இல்ல, கெழவரும் இல்ல. நீயும் நானும்தான். சொல்லு. அந்த நாலு நாளும் என் வண்டி எங்க இருந்துச்சு? கெட்டுப்போச்சுன்னு சொன்னே, இந்தச் செருப்ப எடுப்பேன்."

அவன் கையிலிருந்த செருப்பைத் தரையில் வைத்துவிட்டுத் தலை குனிந்தான்.

"புதன்கிழமை சவாரி ஏத்தினேன்," என்றான். "ரக்கிராக்கிக்கும் கொரொவூவுக்கும். ஏத்தினது நெசம். வியாழக்கிழமை சாயங்காலம் கொண்டாந்துட்டேன்."

"எங்க கொண்டாந்த? கனவுலயா?"

"அடிவாரத்துல, ஹர்தேவ் கடை வாசல்ல நிறுத்தினேன் அண்ணி. உள்ள பசங்க யங்கோனா கரைச்சுக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு கிண்ணம் குடிச்சுட்டு மேல வரலாம்னு உக்காந்தேன். ஒரு கிண்ணம் நாலு கிண்ணமாச்சு. எந்திரிச்சு வெளிய வந்தா..." அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "வண்டியக் காணோம்."

"என்னது?"

"சாவி இந்தப் பையோட என் கையில இருக்கு. வண்டி இல்ல. விடிய விடியத் தேடினேன். வெள்ளிக்கிழமை பூரா ஆத்தங்கரையெல்லாம் அலைஞ்சேன். சனிக்கிழமை வந்து பாத்தா, அதே எடத்துல நிக்குது. சத்தியமா அண்ணி."

விலிமைனாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதைக் கேட்கவா இத்தனை பாடு? தம்புவாவுக்கு முன்னால் உண்மை வரும் என்று காத்திருந்தால், இவன் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற கதை சொல்கிறான்!

"சாவி உன் கையில. வண்டி தானா போய், தானா வந்துச்சு. யாரு ஓட்டினது? அந்த ஜப்பான்காரியா?"

"இதனாலதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்," என்றான் சாகியூசா. "போன எடுத்து என்னன்னு சொல்லுவேன்? ஒரே சாவிதான்னு ஊருக்கே தெரியும். நெசத்தச் சொன்னா பொய்யி மாதிரி இருக்கு. பொய்யச் சொன்னா நெசம் மாதிரி இருந்துச்சு. மாமா போயிட்டாருன்னு தெரிஞ்சப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல. குடிக்க உக்காந்தது என் தப்பு. அதுக்கு என்ன வேணாலும் செய்யுங்க."

"அசேனதா! இந்த நாயி மூஞ்சியில தண்ணிய எடுத்து ஊத்து. போத இன்னும் தெளியல."

அசேனதா அசையவில்லை. அவள் அம்மாவைப் பார்க்கவும் இல்லை. அம்மாவின் தோளுக்கு மேலே, வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலிமைனா திரும்பினாள்.

சத்தமே இல்லாமல், சாம்பல் நீல வண்டி முற்றத்துக்குள் வந்து நின்றது.

*

இனோகேதான் ஓட்டி வந்திருந்தான். முகமெல்லாம் பல்.

"கெடச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே இறங்கினான். "சீட்டுக்கு அடியில விழுந்து கெடந்திருக்கு பாரு, சனியன்! மாமா அடுத்த பஸ்ஸுல ஊருக்கே திரும்பிப் போறேன்னு நின்னாரு. போன உசுரு திரும்பி வந்துச்சு!"

விலிமைனாவின் கை தானாக மேல்சட்டைக்குள் போனது. சாவி அங்கே இருந்தது. அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

முன் சீட்டு மெல்லத் திரும்பி வெளியே வந்தது. அதில் நெமானி மாமா, மடியில் துணி சுற்றிய தம்புவாவோடு, அவள் அப்பாவைப் போலவே காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்கதவு மேலே போனது, பாய்கள் இறங்கின, யங்கோனாக் கட்டு இறங்கியது. எல்லாம் இறங்கியதும் இனோகே சூலுவின் பைக்குள் கையை விட்டபடி கொட்டகையைப் பார்த்து நடந்தான். பழக்க தோஷம், அவன் யோசித்துச் செய்யவில்லை.

வண்டியின் கண்ணாடிகள் இரண்டும் பூனைக் காதுபோல மடிந்துகொண்டன.

விலிமைனா சாகியூசாவைப் பார்த்தாள். மண்டி போட்டபடியே அவனும் அந்தக் கண்ணாடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது.

"எந்திரி," என்றாள் அவனிடம், மெல்ல. "போய் உன் எடத்துல உக்காரு."

வியாழன், வெள்ளி. துறைமுகத்தில் இரண்டு நாள் தொடர் வேலை என்று இனோகே சொல்லியிருந்தான். பஸ்ஸை விட்டு அடிவாரத்தில் இறங்கியவன் வண்டியைப் பார்த்திருக்கிறான், அவன் சட்டைப் பையில் இன்னொரு சாவி இருந்திருக்கிறது. சவாரி ஏற்றுகிறவன் எவனும் குழந்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரிய மாட்டான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, மாமனாரின் உடம்பைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் ஓவென்று அழுதான். அவன் தோளில் சாய்ந்து அவளும் அழுதாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன் தோளையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

கொட்டகையில் மனாசா சித்தப்பா மேல்பக்கம் உட்கார்ந்தார். எதிரே நெமானி மாமாவும் மற்றவர்களும். எல்லாருக்கும் பின்னால் சாகியூசா தலை குனிந்தான். இனோகே இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவனாக, ஓரத்தில், வசதியாகக் காலை மடக்கிக்கொண்டான்.

நெமானி மாமா துணியை விலக்கித் தம்புவாவைக் கையில் ஏந்தினார். கரகரத்த குரலில் பேசினார். வழி தவறிய பிள்ளை என்றார், வெட்கத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறோம் என்றார், இந்தப் பல்லோடு இது புதைந்து போகட்டும் என்றார். குழித்த கைகள் ஒரே தாளத்தில் தட்டி ஓய்ந்தன. மனாசா சித்தப்பா இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சித்தப்பா, கொஞ்சம் பொறுங்க."

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் அந்த நேரத்தில் எழுந்து எவரும் கேட்டதில்லை. விலிமைனா முறைப்படி முதுகை வளைத்துக் குனிந்தே நடந்து வந்தாள். பாயின் நடுவில், தம்புவாவுக்குக் கீழே, சாவியை வைத்தாள்.

"இது காலையிலேர்ந்து என் சட்டைக்குள்ள இருந்துச்சு. சந்தையில வண்டி நின்னதுக்கு நான்தான் காரணம். அதுக்கு நெமானி மாமா எனக்கு என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கிறேன். ஆனா சாவி இங்க இருக்கு. வண்டி மட்டும் எப்படி வந்துச்சு?"

நெமானி மாமாவின் பார்வை மெதுவாக இனோகே பக்கம் திரும்பியது. அவர்தானே பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்; இனோகே சந்தைத் தெருவுக்குள் எங்கோ போய்த் திரும்பிய பிறகுதான் சாவி அகப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

"விலி, வீட்டுக்குள்ள போய்ப் பேசிக்கலாம்," என்றான் இனோகே. குரல் உடைந்திருந்தது.

"எங்கப்பாவுக்காகக் கொண்டாந்த பல்லு இது. இங்கதான் பேசணும். சாகியூசா, நீ நகந்து எடம் விடு. இந்த மன்னிப்புல பாதிதான் உன்னுது." அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க அங்க போய் உக்காருங்க. உக்காந்துட்டு, தலையக் குனியறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த ரெண்டு நாளும் பின் சீட்டுல குழந்தை நாற்காலி மாட்டினீங்களே, அது யாரோட குழந்தைக்கு?"

இனோகே எழுந்திருக்கவில்லை. அவன் கை சூலுவின் பைக்குள்ளேயே இருந்தது.

மனாசா சித்தப்பா, நீட்டிய தன் இரண்டு கைகளையும் மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.